சொல்லிக் கொடுத்தது

உறிஞ்சுகிறாள், பால் இறங்கவில்லை. இந்தப் பக்கம் மாற்றிப் பார்த்தேன், அந்தப் பக்கமும் அப்படியே. மலையில் தேயிலைக் கொழுந்து ஆய்ந்துகொண்டு நிற்கும்போது பிள்ளையை நினைத்த மாத்திரத்தில் சட்டை நனைந்துபோகும், யார் கண்ணிலும் படாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வேன், இன்றைக்கு வாயை வைத்துக் கவ்வியும் வரமாட்டேன் என்கிறது. தனுஷிகா விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள், என்னம்மா இது என்று கேட்கிறமாதிரி, பிறகு மறுபடி கவ்வுகிறாள், பல் முளைக்கத் தொடங்கியிருக்கிறது, வலிக்கிறது. "பயந்திருக்க நீ. பயந்தவளுக்குப் பால் எறங்காது. இந்தா, சுடுதண்ணி குடி," என்று பேச்சியாயி ஆயா குவளையை வைத்துவிட்டு அழுகிற இன்னொரு பிள்ளையிடம் போனார். மலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் பால்குடிகளை இந்தப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம்தான் விட்டுவிட்டுப் போகிறோம், நடுவில் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப மலை ஏறுவோம். இன்றைக்கு நான் மலை ஏற வேண்டாமாம். கங்காணி சொல்லிவிட்டார். "பாலைக் குடுத்துட்டு நேரா ஆபீசுக்கு வந்துரு. கொழும்புலேர்ந்து ஐயாமாரு ரெண்டு பேரு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. கையெழுத்து ஒன்னும் வேணாம். போனை முன்னால புடிச்சுப் படம் எடுப்பாங்க, அதைப் பார்த்துச் சொல்லணும். ரோஸ்மலர் சொல்லிக் குடுத்ததத்தான் நான் அந்த வெள்ளக்காரம்மாகிட்ட சொன்னேன்னு. அவ்வளவுதான். வாய் என்ன தேஞ்சா போகும்?" தேயாது. ஆனால் அந்த ஒரு வார்த்தை கிடைத்துவிட்டால், தோட்டத்துப் பொம்பளைகளுக்காகப் பேசப் போய் இப்போது ஸ்டேசனில் இருக்கிற ரோஸ்மலர் அக்காவை ஜெயிலுக்கே அனுப்பிவிடுவார்கள். இது கங்காணி சொன்னதில்லை, என் வீட்டுக்காரர் லோகேஸ் டவுனில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னது. ஒன்றும் தெரியாத பொம்பளைகளுக்குப் பொய்யைப் பாடம் பண்ணிக் கொடுத்து, ஐ.நா. ஆட்கள்முன் நிறுத்தி, நாட்டின் பேரைக் கெடுத்தாள் என்று வழக்கு எழுதியாகிவிட்டதாம். பாடம் படித்தவள் ஒருத்தி வாயால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பாடம் படித்தவள் நான்.

சொல்லிக் கொடுத்தார்களா, இல்லையா. இதில்தான் எனக்கு முடிச்சு விழுகிறது. அவிழ்க்கப் போனால் இன்னும் இறுகுகிறது. ஏனென்றால் அக்கா சொல்லிக் கொடுத்தது நிஜம். தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் துணி துவைக்கிறமாதிரி உட்கார்ந்துகொண்டு, என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். "மொதல்ல குளவிக்கூட்டைப் பார்த்ததைச் சொல்லு. அப்புறம் அதை யாருகிட்ட சொன்னீங்க, அவர் என்ன சொன்னாரு, அதைச் சொல்லு. கடைசியா இந்திராணிக்கு நடந்ததைச் சொல்லு. அழுகை வந்தா அழு, ஆனா அழுதுட்டு விட்ட எடத்துலேர்ந்து தொடங்கணும், மொதல்லேர்ந்து தொடங்காத, அவங்களுக்கு நேரம் கம்மி." நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுந்து நிற்கச் சொன்னால் பாட்டு முழுக்கத் தெரிந்தும் வாய் திறக்காது, மேசையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்பேன், வாயில கொழுக்கட்டையா என்பார் டீச்சர், பின்னால் பையன்கள் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு யாராவது சொல்லிக் கொடுக்காமல் எப்படிச் சொல்ல வரும். ஆனால் சொல்லிக் கொடுத்தது வரிசையை. நடந்ததை இல்லை. நடந்தது எனக்கு நடந்தது. அப்படித்தானே? வரிசையை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கிறது என்னுடையது. ஆனால் இத்தனை தடவை அந்த வரிசையில் சொன்ன பிறகு, நினைக்கும்போதும் அதே வரிசையில்தான் வருகிறது, கூடு, ஐயா, இந்திராணி, கூடு, ஐயா, இந்திராணி, சாமி கும்பிடுகிறமாதிரி. அன்றைக்கு மலையில் இப்படி வரிசையாகவா நடந்தது? எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. போனைப் பிடித்துக்கொண்டு அந்தக் கொழும்பு ஐயா, யாரும்மா உனக்கு சொல்லிக் குடுத்தது என்று கேட்டால் நான் என்ன சொல்வது. அக்காதான் என்றால் நிஜம். இல்லை என்றால் பொய். நிஜத்தைச் சொன்னால் அக்கா உள்ளே போவார்கள், பொய்யைச் சொன்னால் வெளியே வருவார்கள், இது என்ன கணக்கு, எனக்குப் புரியவில்லை, தனுஷிகா கடிக்காதேடி.

"அன்னைக்கு நான் அந்த மொளகாயைச் சுத்தாம இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது புள்ள," என்று ஆயா தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஆரம்பிக்கிறார். தினமும் இதைச் சொல்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை. ஐ.நா.விலிருந்து வந்த அந்த அம்மாவை நாங்கள் பார்த்தது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்றுதான் அக்கா ஊசி போடுகிற நாளாகப் பார்த்து வைத்தார்கள், பிள்ளைக்காரிகள் எல்லாரும் டவுனுக்குப் போகிற நாள், ஒருத்தி கிளினிக்கிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தால் யார் பார்க்கப் போகிறார்கள். வெள்ளைக்காரம்மா என்று நாங்கள் சொன்னோமே தவிர அந்த அம்மா எங்களைவிடக் கறுப்பு, தலைமுடியைச் சின்னச் சின்னப் பின்னலாகப் போட்டிருந்தார்கள், வெளிநாட்டிலிருந்து வந்தால் வெள்ளைக்காரம்மாதான். நான் சொல்லச் சொல்ல ஒரு கொழும்புப் பிள்ளை இங்கிலீசில் சொன்னது. நான் அழுதபோது அந்த அம்மா எழுந்து வந்து தனுஷிகாவைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், நான் அழுது முடிக்கிறவரைக்கும் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே பிள்ளைக்குக் காய்ச்சல். ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று மிட்வைப் மிஸ் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் ஆயா கேட்கவில்லை. "ஊசிக் காய்ச்சல் இப்புடி முறுக்கிக்கிட்டு அழாது. யாரோ தூக்கியிருக்காங்க. யாரு? சொல்லு. கண்ணு யாருதுன்னு தெரியாம சுத்துனா எறங்காது." நான் மெதுவாகத்தான் சொன்னேன், காதோடு. ஆயா மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி, இந்த வாசலில், எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளைத் தூக்க வந்து நிற்கிற நேரத்தில், கங்காணி வீட்டு மருமகளும் நிற்க, "ஊர்க் கண்ணு, லயத்துக் கண்ணு, ஐ.நா. வெள்ளக்காரம்மா கண்ணு எல்லாம் போ" என்று அடுப்பில் போட்டார். நெடியே அடிக்கவில்லை. "பாத்தியா, மூக்குல ஒரு தும்மல் உண்டா? அவ்வளவு கண்ணு!" என்று ஆயாவுக்கு ஒரே பெருமை. மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது, தோட்டம் முழுக்கச் செய்தி ஏறியது. ரோஸ்மலர் அக்காவிடம் போய் நான் தலை குனிந்து நின்றபோது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஐ.நா.வுக்கே திருஷ்டி கழிச்சுட்டீங்களேடி!" அந்தச் சிரிப்பு இப்போது எங்கே இருக்கும். ஸ்டேசனில் சிரிக்க விடுவார்களா.

ஐ.நா.வில் அறிக்கை வந்தபோது எங்கள் பேர் அதில் இல்லையாம். பால் கொடுக்கும் தாய் ஒருத்தி சொன்னாள் என்றுதான் இருந்ததாம். பேர் எதற்கு, மிளகாய்ப் புகைதான் பேரைச் சொல்லிவிட்டதே. முதலில் அக்காவின் போனைப் பிடுங்கினார்கள். பிறகு அக்காவின் தம்பி ஓட்டுகிற ஆட்டோவைப் பிடித்து நிறுத்தி வைத்தார்கள். பிறகு அக்காவை விசாரணை என்று கூப்பிட்டார்கள், அக்கா போய் வந்தார்கள், மறுபடி கூப்பிட்டார்கள், அந்தத் தடவை போன அக்கா திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் லோகேசுக்குப் பிரட்டில் பேர் கூப்பிடுவதில்லை. விடியக் காலையில் மற்ற ஆம்பிளைகளோடு போய் வரிசையில் நிற்கிறார், எல்லார் பேரும் கூப்பிட்டு வேலை பிரித்து முடிகிறது, இவர் பேர் வருவதில்லை, கேட்டால் "உனக்கு இன்னைக்கு வேலை இல்ல, போய் உன் சம்சாரத்தைக் கேளு" என்கிறாராம் கங்காணி. இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை இல்லை, அதுதான் தாங்கவில்லை. இன்றைக்குக் காலையில் மட்டும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல், "சொல்லிரு புள்ள. நாம யாரு, நமக்கு என்ன," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, உனக்கு எப்புடித் தோணுதோ," என்றார். பிறகு, "நாம இருக்கிற காம்பரா தோட்டத்துதுதானே, எறங்குன்னு சொன்னா எங்க போறது," என்றார். மூன்றையும் ஒரே ஆள் ஒரே குவளையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் நான் எதை எடுத்துக்கொள்வது. அக்காவும்கூட அப்படித்தான், கடைசியாக ஸ்டேசனுக்குப் போகும்போது எங்கள் லயத்து வீட்டுப் பக்கமாகவே வந்து, சந்தைக்குப் போகிறவள்போல நின்று, "நிரோஷா, உன்னைக் கேட்டாங்கன்னா பயந்து நடுங்கிக்கிட்டு நிக்காத. என் பேரைச் சொல்லிரு. நீ புள்ளக்காரி. நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்," என்றார்கள். எல்லாரும் சொல்லச் சொல்கிறார்கள். கங்காணி சொல்லச் சொல்கிறார், வீட்டுக்காரர் சொல்லச் சொல்கிறார், யாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவர்களே சொல்லச் சொல்கிறார்கள். பிறகு ஏன் எனக்குப் பால் இறங்கவில்லை.

கூடு, ஐயா, இந்திராணி. ஏழாம் நம்பர் மலையில், வாகை மரத்துக்குக் கீழே பாறை இடுக்கில் குளவிக்கூடு. பானை அளவு. நான் பார்த்தேனா? வெள்ளைக்காரம்மாவிடம் பார்த்தேன் என்றுதான் சொன்னேன். இந்திராணி காட்டி நான் பார்த்தேனா, இந்திராணி பார்த்ததாகச் சொன்னதை நான் பார்த்தமாதிரி வைத்துக்கொண்டிருக்கிறேனா. பார்த்தேன். மஞ்சளாக, மூச்சு விடுகிறமாதிரி இருந்தது, மேலே எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. பார்த்தேன். மலை வேலையைப் பார்க்கிற ஐயாவிடம் நாங்கள் சொன்னோம், யார் சொன்னது, இந்திராணிதான் சொன்னாள், நான் பின்னால் நின்றேன், "கூடு இருக்குன்னா சுத்திப் போய் ஆயுங்க, குளவிக்குப் பயந்தா தோட்டத்தை மூட வேண்டியதுதான்" என்றார், அது என் காதால் கேட்டது. பிறகு குளவி கொட்டிச் செத்த இந்திராணியை, விறகு பொறுக்கப் போனாள், நிரையை விட்டுவிட்டுப் போனாள், அதனால் தோட்டம் பொறுப்பில்லை என்று எழுதினார்கள். எங்களையும் அப்படியே சொல்லச் சொன்னார்கள். ஆகா, அப்போதும் சொல்லிக் கொடுத்தார்களே, அதற்கு ஒருத்தரும் வழக்குப் போடவில்லை. இந்திராணி எனக்கு வலது பக்கத்து நிரை. வலதா இடதா. என் வயிறு பெரிசு அப்போது, தனுஷிகா உள்ளே, குனிய முடியாமல் பக்கவாட்டாகத் திரும்பி ஆய்ந்துகொண்டிருந்தேன், வயிற்றை எந்தப் பக்கம் திருப்பினேன், இந்திராணியிடம் பேச வலது பக்கம், ஆமாம், வலது. சத்தம் வந்தது. லாரி ஏறுகிற சத்தம் என்று நினைத்தேன். நிரோஷா என்று கூப்பிட்டாள் என்று வெள்ளைக்காரம்மாவிடம் சொன்னேன். கூப்பிடவில்லை. இப்போது தெரிகிறது, கூப்பிடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, ஓடினார்கள் எல்லாரும், நான் ஓட முடியாது, அவள் ஓட முடியும், ஓடவில்லை, பின்னாலிருந்து என் கழுத்தைப் பிடித்துக் கீழே தள்ளினாள். செடிக்கு அடியில் ஒருக்களித்து விழுந்தேன், முகம் மண்ணில். இடுப்பில் கட்டியிருந்த படங்கை உருவி, நாங்கள் செடி கீறாமல் இருக்கக் கட்டுவோமே அந்தத் தடித்த சீலை, அதை என் தலையோடு சேர்த்து வயிறுவரைக்கும் மூடி, அதன்மேல் அவள் படுத்தாள். பாரமாகப் படுக்கவில்லை, முழங்கையை ஊன்றிப் படுத்தாள், வயிற்றில் அவள் பாரம் படவே இல்லை. அவள் உடம்பு துடிப்பதைப் படங்கு வழியாக உணர்ந்தேன். உள்ளே பிள்ளையும் துடித்தாள். எது யாருடையது என்று தெரியவில்லை. முழங்கை மட்டும் சரியவில்லை. கடைசிவரைக்கும் சரியவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை, லோகேசிடம் சொல்லவில்லை, அந்த அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபோதுகூடச் சொல்லவில்லை. சொன்னால் இந்திராணியின் தங்கச்சி கமலாதேவி தனுஷிகாவை எப்படிப் பார்ப்பாள். இவளுக்காகத்தான் எங்கள் அக்கா போனாள் என்று பார்ப்பாளே. இந்திராணியின் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வரும்போது பார்ப்பார்களே. அந்தப் பார்வைக்குப் பயந்து... சுருக்கென்றது. மார்பில் ஊசி குத்துகிறமாதிரி, பிறகு சூடாக, தனுஷிகா திணறினாள், மூக்கில் ஏறிவிட்டது, இரும இரும விடாமல் குடிக்கிறாள். "எறங்கிருச்சா? சுடுதண்ணி குடின்னேன்ல," என்றார் ஆயா.

பிள்ளை தூங்கியதும் ஆயாவிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமல்தான் நடந்தேன். கால் போகிறது, தலை இன்னும் பிள்ளைக்காம்பராவில் இருக்கிறது. ஆபீசில் நாங்கள் எப்போதும் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவோம், உள்ளே இருந்து கிளாக்கர் பதில் சொல்வார். இன்றைக்கு உள்ளே கூப்பிட்டு நாற்காலி கொடுத்தார்கள். உட்கார்ந்தேன், நுனியில். ஒருத்தர் மெலிந்தவர், நல்ல தமிழ் பேசினார். இன்னொருத்தர் போனைப் பிடித்தார். கங்காணி கதவோரம். "பயப்படாதீங்கம்மா, நாங்க உங்களை ஒன்னும் செய்ய மாட்டோம். உங்க பேரைச் சொல்லுங்க." சொன்னேன். "சத்தமா." சொன்னேன். "அந்த வெளிநாட்டு அம்மாகிட்ட நீங்க பேசினீங்களா?" தலையாட்டினேன். "வாயால சொல்லணும்." பேசினேன். "எப்படிப் பேசணும்னு உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?" கேட்டே விட்டார். மேசையின் ஓரம் கையில் பட்டது, சுரண்டினேன். நிஜத்தைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. "ரோஸ்மலர் அக்கா," என்றேன். மெலிந்தவர் கங்காணியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கங்காணியும். முடிந்தது. அவ்வளவுதானா? இவ்வளவு சின்னதா? "போதும்மா, நீங்க போகலாம்," என்றார். போன் இறங்கத் தொடங்கியது. நான் எழுந்திருக்கவில்லை. "அக்காவுக்குத் தெரியாதது ஒன்னு இருக்கு," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி. "அது வேணாம்மா." "அதையும் புடிங்க." "போதும்னு சொன்னேன்ல." மற்றவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். கங்காணி, "ஏய் நிரோஷா, எந்திரி," என்றார். ஜன்னலில் ஆட்கள் நின்றார்கள். கொழுந்து நிறுவைக்கு இறங்கி வந்தவர்கள், கூடையை முதுகில் சுமந்தபடி, நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அதிசயத்தைப் பார்த்துக்கொண்டு. கமலாதேவியும் நின்றாள். போன் இல்லாமல் யாரைப் பார்த்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அவளைப் பார்த்தேன். இதைச் சொல்வதால் ரோஸ்மலர் அக்கா வெளியே வருவார்களா, இன்னும் உள்ளே போவார்களா, எனக்குத் தெரியவில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு இவர்கள் கொழும்புக்குப் போவார்களா, அதுவும் தெரியவில்லை. வரிசையும் இல்லை. கூடும் ஐயாவும் முன்னால் வரவில்லை. "கொழுந்தைக் கொண்டுபோய்ப் போடுங்கடி, இங்க என்ன வேடிக்கை?" என்று கங்காணி கையை ஓங்கினார். ஒருத்தியும் நகரவில்லை. கமலாதேவி கூடைக் கயிற்றை நெற்றியிலிருந்து மேலே தள்ளிவிட்டு என்னையே பார்த்தாள். "ஒங்க அக்கா விறகு பொறுக்கப் போகல," என்றேன். "ஓடியிருக்கலாம். ஓடல. என் மேலதான் கெடந்தா."